மலைநாட்டு வீட்டில் ட்ரையர்: சுவர் வியர்க்காமல், பூஞ்சணம் பிடிக்காமல் வைத்திருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆனி, ஆடி மாதங்களில் இலங்கை மலைநாட்டின் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது என்பதை இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தென்மேற்குப் பருவமழை மே மாதக் கடைசியில் தொடங்கி செப்டெம்பர் வரை மேற்குச் சரிவை விடாது. அதே மாதங்களில் பண்டாரவளை, பதுளை பக்கம் நல்ல வெயில். ஆனால் ஒக்டோபர் பிறந்தால் ஊவாவுக்கு மழை, ஜனவரி வரை அவர்கள் பாடு கஷ்டம். ஆக, ஏதோ ஒரு காலத்தில் எல்லோருக்கும் ட்ரையர் தேவைப்படுகிறது. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு அது இல்லாமல் ஏப்ரல் சீசனே ஓடாது.

ட்ரையர் வந்து சில மாதம் ஆனதும் துணி துவைக்கும் அறையின் மூலையில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். கண்ணாடி யன்னலில் காலையில் தண்ணீர் வழியும். சீலிங் பலகை மஞ்சள் தட்டும். அப்புறம் பெயின்ட் கடைக்குப் போய் "பூஞ்சணம் பிடிக்காத பெயின்ட்" வாங்கி அடிப்பார்கள். அடுத்த மழைக்கு அதன் மேலேயே பூஞ்சணம் வரும்.

ட்ரையர் தண்ணீரை இல்லாமல் ஆக்குவதில்லை. துணியில் இருந்த தண்ணீரை ஆவியாக்கி வேறொரு இடத்துக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். அந்த இடம் வீட்டுக்கு வெளியே இருக்கிறதா, மெஷினுக்குள் இருக்கும் தொட்டியா, அல்லது உங்கள் சுவரா என்பதுதான் முழுப் பிரச்சினையும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தத் தண்ணீரைப் பின்தொடர்ந்து போவதுதான்.

படி 1: தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள்

இதற்கு ஒரு தராசு போதும். கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசு மாதிரி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. வோஷிங் மெஷினில் இருந்து எடுத்த ஈரத் துணியை ஒரு பையில் போட்டு நிறுங்கள். ட்ரையரில் காய்ந்து வந்ததும் அதே பையில் மறுபடி நிறுங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லீற்றர் தண்ணீர்.

உலர்ந்த நிலையில் நான்கு கிலோ வரும் துணியை, 800 சுற்று வேகத்தில் பிழியும் மெஷினில் இருந்து எடுத்தால் அதில் ஏறத்தாழ 2.8 லீற்றர் தண்ணீர் மிச்சம் இருக்கும். 1200 சுற்றில் பிழிந்தால் அது இரண்டு லீற்றரைச் சற்றுத் தாண்டும். துவாய்களும் கட்டில் விரிப்புகளும் இதைவிடக் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கும்.

இப்போது அறையைப் பாருங்கள். எட்டடிக்கு ஏழடி, ஒன்பதடி உயரம் என்றால் அதற்குள் சுமார் 14.3 கனமீற்றர் காற்று இருக்கும். 18 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று அதிகபட்சம் 15 கிராம் சொச்சம் நீராவியைத்தான் தாங்கும். அதாவது அந்த அறைக் காற்று முழுவதும் சேர்ந்தாலும் ஒரு கோப்பை தேத்தண்ணி அளவுக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. அதிலும் முக்கால்வாசி அளவு ஏற்கெனவே மழைக்காலத்து ஈரத்தால் நிறைந்திருக்கும். இரண்டு லீற்றரை அங்கே கொட்டினால் மிச்சம் எங்கே போகும்? சுவரில், தகரத்தில், யன்னல் கண்ணாடியில், அலுமாரிக்குப் பின்னால்.

உப்புப் பொட்டலம், கரித்துண்டு, கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா எல்லாம் ஏன் இங்கே உதவாது என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு டப்பா பல வாரங்களில் சில நூறு மில்லிலீற்றர் உறிஞ்சும். உங்கள் ட்ரையர் ஒரு மணித்தியாலத்தில் அதைப் போல பல மடங்கு விடுகிறது. அலுமாரிக்குள் வைக்க அது சரி, இந்த அறைக்குச் சரிவராது.

படி 2: குற்றவாளி ட்ரையர்தானா?

மலைநாட்டில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. நம் வீடுகளில் பல மண்ணை வெட்டி எடுத்த திட்டில் கட்டியவை. பின்பக்கச் சுவர் மண்மேட்டை ஒட்டி நிற்கும், மழைத் தண்ணீர் அந்த மேட்டில் இருந்து சுவருக்குள் ஊறும். பீலி உடைந்து சுவரில் தண்ணீர் இறங்குவதும் உண்டு. துணி துவைக்கும் அறையைப் பெரும்பாலும் வீட்டின் பின்பக்கத்தில்தான் வைக்கிறோம், அதனால் இரண்டு பிரச்சினையும் ஒரே சுவரில் சேர்ந்துகொள்ளும்.

பிரித்தறிய சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஈரமாகத் தெரியும் இடத்தைத் துணியால் துடைத்து உலர விடுங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டு ஒன்றை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாதபடி ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறைப்பக்கம் இருக்கும் முகத்தில் நீர்த்துளி இருந்தால் அது அறைக் காற்றில் இருந்து வந்தது. பொலித்தீனுக்கும் சுவருக்கும் இடையில் ஈரம் இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பின்னதுக்கு ட்ரையரைத் திட்டிப் பயனில்லை. மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கான் வெட்ட வேண்டும், பீலியைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தடயம்: ஊறி வரும் ஈரம் தரைப்பக்கம் அல்லது ஒரு விரிசலைச் சுற்றி இருக்கும், வெள்ளை உப்புப் பூக்கும். காற்றில் இருந்து வரும் ஈரம் மேல் மூலைகளிலும், யன்னல் ஓரத்திலும், பொருள்களுக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாத இடத்திலும் கறுப்புப் புள்ளியாகத் தொடங்கும்.

கூடவே சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். மலிவானவை பிழையாகக் காட்டும், ஆனால் சோதித்துக்கொள்ளலாம். ஒரு போத்தல் மூடியில் கறி உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, அதையும் மானியையும் காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஓர் இரவு வைத்தால் அது 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 3: உங்கள் மெஷின் எந்த வகை?

கடையில் எல்லாவற்றையும் ட்ரையர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஈர விஷயத்தில் அவை வேறு வேறு பிராணிகள்.

முதலாவது, ஈரக் காற்றை ஒரு தடித்த குழாய் வழியாக வெளியே தள்ளும் வென்டட் வகை. விலை குறைவு, கரண்ட் அதிகம். குழாய் வெளியே போனால் இதைவிடச் சுத்தமான தீர்வு கிடையாது. குழாயை அறைக்குள்ளேயே விட்டால் இதைவிட மோசமானதும் கிடையாது.

இரண்டாவது கண்டென்சர் வகை. நீராவியை மெஷினுக்குள்ளேயே குளிரவைத்து ஒரு தொட்டியில் சேர்க்கும். "குழாய் வேண்டாம், எங்கேயும் வைக்கலாம்" என்று சொல்லி விற்பார்கள். பாதி உண்மை. 2025 ஜூலைக்கு முந்திய ஐரோப்பிய லேபிளில் இதற்கென்று ஒரு தரவரிசை இருந்தது: A தரம் என்றால் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீரைப் பிடிக்கும், B என்றால் 80 முதல் 90, C என்றால் 70 முதல் 80. B தர மெஷினில் இரண்டு லீற்றர் ஈரத்தைக் காயவைத்தால் இருநூறு முதல் நானூறு மில்லிலீற்றர் அறைக்குள் கசிகிறது. மெஷின் புதிதாக இருக்கும்போதே இப்படி. படி 1இல் நிறுத்த எடைக்குறைவோடு தொட்டித் தண்ணீரை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம் உங்கள் சுவருக்குப் போனது.

மூன்றாவது ஹீட் பம்ப் வகை. இதுவும் தொட்டியில்தான் சேர்க்கும், ஆனால் குறைந்த சூட்டில் மெதுவாக உலர்த்துவதால் கரண்ட் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் எடுக்கும். விலை கையைக் கடிக்கும். வாரம் முழுக்க ஓடும் விருந்தினர் விடுதிக்கு இதையே வாங்கச் சொல்வேன். மாதத்தில் நாலைந்து தடவை ஓட்டும் வீட்டுக்கு, வெளிச்சுவர் கிடைக்குமானால், குழாய் போட்ட வென்டட் போதும்.

துவைத்து உலர்த்தும் இரட்டை மெஷின்களும் உண்டு. எட்டு கிலோ துவைக்கும் என்று எழுதியிருந்தாலும் உலர்த்துவது ஐந்து கிலோ அளவில்தான் இருக்கும். முழு அளவையும் திணித்தால் ஈரம் போகாமல் சூடான துணியாகத்தான் வெளியே வரும், மிச்ச ஈரத்தை அறைதான் வாங்கும்.

படி 4: ட்ரையருக்கு முன்னால் தண்ணீரைக் குறையுங்கள்

பிழிவதற்கு ஆகும் கரண்ட், சூடாக்குவதற்கு ஆகும் கரண்டில் சிறு துளி. ஆகவே துவைத்து முடிந்ததும் பிழியும் சுற்றை மட்டும் இன்னொரு தடவை ஓட்டுங்கள். சேலை, கம்பளிச் சட்டை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மெஷின் தரும் அதிக வேகத்தை வையுங்கள்.

காற்று கிடைக்கும் நாளில் முதல் பாதியை இஸ்தோப்பில் கொடிகட்டி உலர்த்திவிட்டு, மிச்சத்தை மட்டும் ட்ரையருக்குக் கொடுக்கலாம். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் இரவு பனி கொட்டினாலும் பகலில் வானம் தெளிந்திருக்கும். அந்த இரண்டு மாதமும் ட்ரையருக்கு விடுமுறை கொடுங்கள். ஆனால் ஈரத் துணியை வீட்டுக்குள் கொடிகட்டி உலர்த்துவது ட்ரையரை அறைக்குள் திறந்து விடுவதற்குச் சமம். குசினி அடுப்புக்கு மேலே தொங்கப் போட்டாலும் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்தான் சுற்றும்.

படி 5: வென்டட் ட்ரையரின் குழாய்

அதிகப் பிழை நடப்பது இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

குழாய் வெளிச்சுவர் வழியாக, முடிந்தவரை நேராகவும் குட்டையாகவும் போக வேண்டும். பெரும்பாலான மெஷின்களுக்கு நான்கு அங்குல விட்டம். எவ்வளவு நீளம் வரை போகலாம் என்பது மெஷினின் கைநூலில் இருக்கும். ஒவ்வொரு வளைவும் அந்த நீளத்தில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடும். மெஷினை அறையின் உள்மூலையில் வைத்துவிட்டுக் குழாயை மூன்று வளைவு வளைத்து வெளியே கொண்டுபோவதை விட, மெஷினையே வெளிச்சுவர்ப் பக்கம் நகர்த்துவது நல்லது.

பிளாஸ்டிக் சுருள் குழாய் வேண்டாம். சூட்டில் உருகும், சுருக்கங்களில் பஞ்சு தங்கும், பஞ்சு தீப்பிடிக்கும். அலுமினியக் குழாயே சரி. இணைப்புகளைத் திருகாணி போட்டு இறுக்காதீர்கள், உள்ளே நீட்டும் முனையில் பஞ்சு சிக்கும். கவ்வியும் அலுமினிய டேப்பும் போதும்.

குழாய் வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும், ஒரு மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர் அளவு. கொழும்பில் இது அவ்வளவு முக்கியமில்லை, இங்கே மிக முக்கியம். ட்ரையரில் இருந்து வரும் சூடான ஈரக் காற்று 15 பாகையில் கிடக்கும் குழாயைத் தொட்டதும் அங்கேயே தண்ணீராகும். சரிவு உள்பக்கம் இருந்தால் அந்தத் தண்ணீர் மெஷினுக்கே திரும்பி வரும். நடுவில் தொங்கி வளைந்திருந்தால் அங்கே குளம் கட்டி, பஞ்சும் சேர்ந்து குழாயை அடைக்கும். குளிர்ந்த கூரைக்கடியில் குழாய் போக வேண்டி வந்தால் மேலே வெப்பம் கடத்தாத உறை சுற்றுங்கள்.

வெளிவாயில் எந்தச் சுவரில் என்பதைக் காற்று தீர்மானிக்கட்டும். மேற்குச் சரிவில் மழைக்காற்று தென்மேற்கில் இருந்து வருகிறது, ஊவாவில் வடகிழக்கில் இருந்து. அந்தக் காற்று நேரே மோதாத சுவரைத் தேர்ந்தெடுங்கள். வாயில் தரையில் இருந்து ஓரடியாவது மேலே, யன்னல்களில் இருந்து தள்ளி இருக்க வேண்டும். கூரையின் தாழ்வாரத்துக்குள்ளேயே விட்டால் ஈரம் கூரைக்குள் ஏறி உள்ளே வரும்.

வாயிலில் தானாகத் திறந்து மூடும் தட்டு ஒன்று அவசியம். மெஷின் நிற்கும்போது மூடியிருந்தால்தான் மூடுபனியும் பல்லியும் உள்ளே வராது. கொசுவலை அடிக்காதீர்கள். சில வாரத்தில் அது பஞ்சால் அடைபட்டு, காற்று போக வழியில்லாமல் மெஷின் சூடேறும்.

வாளியில் தண்ணீர் நிரப்பி அதற்குள் குழாயை விடும் உபகரணங்களும் விற்கிறார்கள். அவை பஞ்சைப் பிடிக்கும், நீராவியில் பெரும் பகுதியை அறைக்குள்ளேயே விடும். மலைநாட்டு வீட்டுக்கு அது ஏற்றதல்ல.

ஒரு எச்சரிக்கை. கூரையிலோ சுவரிலோ அஸ்பெஸ்டஸ் சீட் இருந்தால் அதில் துளை போடாதீர்கள். வெட்டும்போது பறக்கும் தூளில் உள்ள நார்கள் நுரையீரலுக்கு ஆபத்து, அந்த ஆபத்து பல வருடம் கழித்துத்தான் தெரியும். குழாயைக் கல் சுவர் வழியாகவோ, யன்னலின் ஒரு கண்ணாடியைக் கழற்றி அந்த இடத்தில் பலகை வைத்தோ கொண்டுபோகலாம். லூவர் யன்னல் இருந்தால் இன்னும் சுலபம்.

படி 6: அறைக்குக் காற்று வரவும் போகவும் வழி

மெஷின் எந்த வகையாக இருந்தாலும் இது வேண்டும். எக்ஸோஸ்ட் ஃபேன் வாங்கும்போது அறையின் கன அளவைப் பதினைந்தால் பெருக்குங்கள். நமது 14.3 கனமீற்றர் அறைக்கு மணித்தியாலத்துக்குச் சுமார் 215 கனமீற்றர் தள்ளும் ஃபேன் தேவை. பெட்டியில் அந்த எண் எழுதியிருக்கும். ஃபேனைச் சுவரின் மேற்பகுதியில் பொருத்துங்கள். ஈரப்பதம் ஏறினால் தானே ஓடும் வகை கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் ட்ரையர் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே அதன் சுவிட்சை வையுங்கள், மறக்காது.

ஃபேன் வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று உள்ளே வரவும் வேண்டும். கதவின் கீழே இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள், அல்லது ஃபேனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு காற்றுத் துவாரம். உள்ளே வர வழியில்லாத ஃபேன் சத்தம் மட்டும்தான் போடும்.

அடுத்து, பலரும் தயங்கும் கேள்வி: வெளியே மூடுபனி இறங்கியிருக்கும்போது யன்னலைத் திறக்கலாமா? மூடுபனி கண்ணுக்கு ஈரமாகத் தெரிந்தாலும், குளிர்ந்த காற்றில் நீராவி குறைவாகத்தான் இருக்கும். 15 பாகையில் முற்றிலும் ஈரமான காற்றில் கனமீற்றருக்கு ஏறத்தாழ 12.8 கிராம். ட்ரையர் ஓடி 22 பாகைக்குச் சூடேறிய அறையில், ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், 17.5 கிராம். அந்த வெளிக்காற்றே உள்ளே வந்து 22 பாகைக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் சுமார் 66 சதவீதமாக இறங்கிவிடும். ஆகவே மெஷின் ஓடும்போதும், நின்ற பிறகு அரை மணித்தியாலமும், அறை சூடாக இருக்கும் வரை, மூடுபனி இருந்தாலும் காற்றை மாற்றுங்கள்.

அறை ஆறி வெளியின் குளிருக்கே வந்துவிட்ட பின் திறந்து வைப்பதில் எந்தப் பயனும் இல்லை. அப்போது உள்ளே வரும் மூடுபனி சூடாகாமல் அப்படியே சுவரில் உட்காரும். சுருக்கமாக, சூடு இருக்கும்போது திற, ஆறியபின் மூடு. மாலை நான்கு மணிக்கு மூடுபனி இறங்கும் ஊர்களில் ட்ரையரைக் காலை பத்து, பதினொரு மணிக்கு ஓட்டுவது நல்லது. சுவர்களும் அப்போது கொஞ்சம் சூடாக இருக்கும், அறை ஆறுவதற்கும் பகல் மிச்சம் இருக்கும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்துக்குத் தனிக் கட்டணம் உள்ள மீற்றர் வைத்திருப்பவர்களுக்குப் பணமும் மிச்சம்.

எரிவாயு கீசர் இருக்கும் அறைக்கும் விறகடுப்பு இருக்கும் குசினிக்கும் பக்கத்தில் வென்டட் ட்ரையரோ பெரிய ஃபேனோ வைப்பதாக இருந்தால் நிதானமாக யோசியுங்கள். இவை வீட்டுக்குள்ளிருக்கும் காற்றை வெளியே இழுப்பதால் மேலே போக வேண்டிய புகை கீழே திரும்பி வரலாம். அதில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, உயிரை எடுத்துவிடும். கீசரையும் ட்ரையரையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். பழைய பங்களாக்களில் கணப்பு எரியும் நேரத்தில் ட்ரையரை நிறுத்தி வையுங்கள்.

படி 7: குளிர்ந்த பரப்புகளைக் கவனியுங்கள்

எவ்வளவு காற்று மாற்றினாலும் கொஞ்சம் ஈரம் மிஞ்சும். அது அறையில் எது மிகக் குளிராக இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். மலைநாட்டில் அது பெரும்பாலும் சீலிங் போடாத தகரம். தெளிந்த இரவில் தகரம் வெளிக்காற்றை விடவும் குளிர்ந்துவிடும், அதன் அடிப்பக்கத்தில் இருந்து சொட்டும் தண்ணீரைப் பலர் கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மேலே தார் பூசுகிறார்கள். தகரத்துக்குக் கீழே அலுமினியத் தாள் ஒட்டிய நுரைப் படலம் விரித்து, அதற்குக் கீழ் பிவிசி சீலிங் போட்டால் இது நிற்கும். சீலிங் ஓரங்களில் இடைவெளி விடாதீர்கள், ஈரம் அதன் வழியே மேலே ஏறிக் கண்ணுக்குத் தெரியாமல் தகரத்தில் சேரும்.

மெஷினைச் சுவரில் ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். துவாய் அடுக்கும் அலுமாரியை வெளிச்சுவரில் இருந்து உள்சுவருக்கு மாற்றுங்கள். ட்ரையரில் இருந்து எடுத்த துணியைச் சூட்டோடு மடித்து அலுமாரியில் அடைக்காமல், ஆறியபின் தொட்டுப் பார்த்து வையுங்கள். ஜீன்ஸ் இடுப்புப் பட்டியும் தலையணை உறையின் மூலையும் கடைசியாகத்தான் காயும்.

படி 8: கண்டென்சர், ஹீட் பம்ப் மெஷின்களின் பராமரிப்பு

பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் துடையுங்கள். இது எல்லா வகைக்கும் பொருந்தும். கண்டென்சர் பாகத்தை மாதம் ஒரு தடவை கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள், பஞ்சு படிந்தால் அது நீராவியைப் பிடிக்காமல் அறைக்குள் விட்டுவிடும். ஹீட் பம்பின் மெல்லிய உலோக இதழ்களைத் தேய்க்கக் கூடாது, மென்மையான தூரிகையோ வக்யூமோ போதும். கதவைச் சுற்றியுள்ள ரப்பரை ஈரத்துணியால் துடையுங்கள், அதில் பஞ்சு ஒட்டினால் அந்த இடுக்கு வழியாக ஆவி கசியும். கீழே வடிகால் இருந்தால் தொட்டிக்குப் பதில் வடிகுழாயை அங்கே இணைத்துவிடுங்கள். தொட்டி நிறைந்து நடுவில் மெஷின் நின்று, ஈரத் துணி இரவு முழுக்கச் சூட்டில் கிடப்பது தவிரும்.

இந்த மெஷின்களை அலுமாரி மாதிரி அடைத்த இடத்தில் வைக்காதீர்கள். அவை தம் சூட்டை அறைக் காற்றில்தான் விடுகின்றன. அறை அளவுக்கு மீறிச் சூடேறினால் குளிரவைக்கும் வேலை கெட்டு, கசிவு கூடும்.

கரண்ட் போனால், மெஷின் எந்த வகையாக இருந்தாலும், கதவைத் திறந்து துணியை வெளியே எடுத்து உதறிப் போடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சூடேற்றிச் சுற்றும் ட்ரையர் 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் வயரிலோ பழைய 5 அம்பியர் பிளக்கிலோ போடக் கூடாது. தனி வயரும், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்சும் வேண்டும். ஈரமான அறை என்பதால் இதை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

படி 9: ஏற்கெனவே வந்த பூஞ்சணத்தை அகற்றுவது

காரணத்தைச் சரிசெய்யாமல் இந்தப் படிக்கு வந்தால் வேலை வீண். சரிசெய்த பிறகு வாருங்கள்.

கையுறையும் நல்ல முகக்கவசமும் போடுங்கள். ஆஸ்துமா, இழுப்பு உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம், அறையிலும் நிற்க வேண்டாம். பூஞ்சணத்தை உலர்ந்த தூரிகையால் தட்டாதீர்கள், வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். முதலில் ஈரப்படுத்துங்கள். பெயின்ட் அடித்த சுவருக்குச் சவர்க்காரத் தண்ணீரும் துணியும் போதும், துடைத்ததும் உலர விடுங்கள். டைல்ஸ், சீமெந்துத் தரை போன்ற கடினமான பரப்புகளுக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் அறுபது மில்லிலீற்றர் ப்ளீச் கலந்து பூசிச் சில நிமிடம் விட்டுக் கழுவலாம். ப்ளீச்சோடு கழிப்பறைக் கழுவியையோ வினாகிரியையோ அமோனியா உள்ள எதையுமோ கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும்.

ஊறிப்போன சீலிங் பலகையும் மட்டைப் பெட்டிகளும் கழுவினால் சரிவராது, மாற்ற வேண்டியதுதான். அஸ்பெஸ்டஸ் சீட்டின் அடிப்பக்கத்தில் பூஞ்சணம் இருந்தால் சுரண்டாமல், தேய்க்காமல், ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள்.

மறுபடி பெயின்ட் அடிப்பதற்கு முன் சுவர் முழுமையாக உலர வேண்டும். இந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாலும் குறைவில்லை. அதன் காரத்தன்மை பூஞ்சணத்துக்கு ஒத்துக்கொள்ளாது, சுவரையும் மூச்சுவிட விடும். லயங்களுக்கு வருடாவருடம் வெள்ளையடித்தவர்கள் வெறும் அழகுக்காகச் செய்யவில்லை.

குழாயும் இல்லை, ஃபேனும் முடியாது என்றால்

வாடகை வீடு, சுவரைத் தொடக் கூடாது என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அப்போது ஈரம் நீக்கும் மெஷின்தான் வழி. இதிலும் இரண்டு வகை. கம்ப்ரெசர் உள்ளது சூடான இடங்களுக்கு. 15 பாகைக்குக் கீழே அதன் குழாய்களில் பனிக்கட்டி பிடித்து வேலை குறையும், நுவரெலியா இரவுகளில் அது பாதி நேரம் உருகிக்கொண்டே இருக்கும். ஈரம் உறிஞ்சும் சக்கரம் உள்ள டெசிகன்ட் வகை குளிரிலும் ஓடும், கரண்ட் மட்டும் கூடுதலாக எடுக்கும். பதுளை, வெலிமடை உயரத்துக்கு முதலாவது போதும். நுவரெலியா, நானுஓயா, கந்தப்பளை என்றால் இரண்டாவது. இதை ஓட்டும்போது மட்டும் கதவு யன்னலை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் ஊர் மூடுபனி முழுவதையும் உலர்த்தப் பார்க்கும்.

படி 10: சரியானதா என்று எண்ணில் பாருங்கள்

ஈரப்பதமானியை மெஷினுக்குப் பக்கத்தில் வைக்காமல் எதிர்ச் சுவரில், நெஞ்சளவு உயரத்தில் மாட்டுங்கள். ட்ரையர் ஓடும் முன், நின்றவுடன், ஒரு மணித்தியாலம் கழித்து, மறுநாள் காலை என்று நான்கு தடவை குறித்து வையுங்கள். ஓடும்போது ஏறினால் பரவாயில்லை. ஒரு மணித்தியாலத்தில் ஆரம்பித்த இடத்துக்கு இறங்கி வர வேண்டும். மழைக்காலத்தில் 60க்குக் கீழே வைப்பது இங்கே எல்லா நாளும் நடக்காது, 70க்குள் நின்றால் சுவர் தப்பும். 80ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் மறுபடி பிடிக்கும். ஊறிய பலகையோ துணியோ இருந்தால் ஒன்றிரண்டு நாளே அதற்குப் போதும்.

இறங்கவில்லை என்றால் படி 5இன் குழாய் அடைத்திருக்கிறதா, படி 6இன் காற்றுத் துவாரத்துக்கு முன்னால் யாராவது கூடையை வைத்துவிட்டார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் கூடைதான்.

ட்ரையர் ஓடாத இரண்டு மூன்று நாளில் எடுத்த எண்ணும் அதே உயரத்தில் நின்றால், தண்ணீர் மெஷினில் இருந்து வரவில்லை. அப்போது படி 2இன் பொலித்தீனை எடுத்து, மண்மேட்டுப் பக்கச் சுவரில் ஒட்டுங்கள்.